ஃபெலிக்ஸின் எடை பன்னிரண்டு கிலோ

ஆரோக்கியமேரிக்குத் தொழிலாளர் சட்டம் நன்றாகத் தெரியும். அவளுக்கு இருபது மாதத்தில் ஒரு பையனும் இருந்தான். இரண்டில் ஏதாவது ஒன்று மட்டும் இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

அவள் வேலை பார்த்த இடம் செகந்திராபாத் பக்கம் பேகம்பேட்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடி. நியாயதீப் சர்வீசஸ் என்று பெயர். சட்டத்தை மதிக்க ஆசை இருந்தும் நேரமில்லாத கம்பெனிகளுக்காக, அவர்கள் சார்பில் சட்டத்தை மதித்துக் கொடுப்பதுதான் அங்கே தொழில். விடுப்புப் பதிவேடு, விபத்துப் பதிவேடு, முதலுதவிப் பெட்டிப் பதிவேடு, குழந்தைகள் காப்பகப் பதிவேடு என்று எல்லாவற்றையும் மாதக் கடைசியில் எழுதி, உட்கார்ந்த இடத்திலிருந்தே நாற்பது கம்பெனிகளை நேர்மையாக்கிவிடுவார்கள். கம்ப்யூட்டரில் இருப்பதை யாரும் நம்புவதில்லை என்பதால் கையால்தான் எழுத வேண்டும். பேனாவை மாற்றி மாற்றி எழுத வேண்டும். பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை டீ டம்ளரை ஓரத்தில் வைத்து எடுக்க வேண்டும்.

உரிமைகளைப் பற்றிய வகுப்புகளும் உண்டு. காலையில் முதலாளிகளுக்கு, மதியம் தொழிலாளர்களுக்கு. இருவருக்கும் காட்டும் படங்கள் ஒன்றே. மதியம் மட்டும் பதினேழாவது படத்தை எடுத்துவிடுவார்கள். அதில்தான் புகார் கொடுக்க வேண்டிய விலாசம் இருந்தது.

ஆரோக்கியமேரி நான்கு வருடமாகப் பதிவேடு எழுதினாள். காப்பகப் பதிவேட்டில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வரலாம் என்பது சட்டம். அந்தச் சட்டப்படி நாற்பது கம்பெனிகளிலும் சேர்த்து நூற்றுக்கு மேல் குழந்தைகளை அவள் வளர்த்து வந்தாள். எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரி எடை ஏறினால் சந்தேகம் வரும் என்று கண்டுபிடித்தவளே அவள்தான். ஆகஸ்டில் கம்பெனிக்கு இரண்டு பேருக்குச் சளி பிடிக்க வைப்பாள். சங்கராந்தி முடிந்ததும் எல்லோருக்கும் நூறு கிராம் கூட்டுவாள். அவள் கையில் ஒரு குழந்தைக்கும் பெரிதாக ஒன்றும் வந்ததில்லை.

அவளுடைய சொந்தக் குழந்தையை மல்காஜ்கிரியில் எதிர்வீட்டு லலிதாக்கா பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கணவருக்கு விஜயவாடாவுக்கு மாற்றல் வந்துவிட்டது. வருகிற சனிக்கிழமை கிளம்புகிறார்கள். ஆரோக்கியமேரியின் மாமியார் ஜோலார்பேட்டையில் மூத்த மகனின் இரட்டைக் குழந்தைகளிடம் மாட்டிக்கொண்டிருந்தார். புருஷனுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஷிஃப்ட் வேலை. பக்கத்திலிருந்த இரண்டு தனியார் காப்பகங்களும் இரண்டு வயது முடிந்தால்தான் சேர்ப்போம் என்றன. இரண்டு வயது முடிய நான்கு மாதம் இருந்தது.

"உங்க ஆபீஸ்லதான் கிரெஷ் இருக்கே. அம்பது பேருக்கு மேல இருந்தா கட்டாயம்னு நீதானே சொன்ன," என்றான் புருஷன்.

"இருக்கு. கதவு இருக்கு."

"உள்ள?"

"யாரு பாத்தா."

கதவில் ஒட்டகச்சிவிங்கி வரைந்திருந்தது. நான்கு வருடத்தில் அது திறந்து அவள் பார்த்ததில்லை. சனிக்கிழமைக்குள் அது திறக்காவிட்டால் அவள் வேலையை விட வேண்டும். வேறு வழி எதுவும் இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை.

மனிதவளப் பிரிவு மேலாளர் வர்ஷினிக்குக் கோயமுத்தூர். இனிமையான பெண். மெயிலில் கண்டனம் அனுப்பினாலும் கடைசியில் ஒரு பூப்படம் போட்டுத்தான் அனுப்புவாள்.

"கிரெஷ்ஷா? எதுக்குங்க மேரி?" என்றாள்.

"குழந்தையை விடறதுக்கு மேடம்."

"இல்லீங்க, அது நம்ம பாலிசில இருக்குது. போன வருஷம் அவார்டு கூட வாங்குனமே."

"ஹவ் மேடம், ஆமா. அதுலதான் என் பையனை விடணும்."

வர்ஷினி கொஞ்ச நேரம் யோசித்தாள். "ஓ. யூஸ் பண்றதுக்கா," என்றாள்.

இதுவரை யாரும் அதைப் பயன்படுத்தக் கேட்டதில்லை என்பதால் அதற்கான விண்ணப்பம் இல்லை. விண்ணப்பம் தயாரிக்க ஒரு குழு வேண்டும். குழு அமைக்க ஒரு மெயில் வேண்டும். வர்ஷினி கெட்டிக்காரி, எல்லாவற்றையும் இரண்டே நாளில் முடித்துவிட்டாள். பதினாறு பக்க விண்ணப்பத்தை ஆரோக்கியமேரி மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு நிரப்பினாள். குழந்தையின் முன் அனுபவம் என்று ஒரு கட்டம் இருந்தது. 'இல்லை' என்று எழுதினாள். வெள்ளிக்கிழமை காலை விண்ணப்பம் திரும்பி வந்தது.

"சிஸ்டம் ஏத்துக்க மாட்டேங்குதுங்க மேரி," என்றாள் வர்ஷினி. "இந்தக் குழந்தை ஆல்ரெடி கிரெஷ்ல இருக்குதுன்னு காட்டுது."

சொந்தக் கம்பெனியின் பதிவேடுகள் சீனுவின் பொறுப்பு. சீனுவுக்கு நாற்பத்தைந்து வயது, செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். அவர் மேஜை இழுப்பறையிலிருந்து காப்பகப் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார்.

மூன்று குழந்தைகள் இருந்தார்கள். மூன்றாவது பெயர் ஃபெலிக்ஸ். தாய் பெயர் ஆரோக்கியமேரி. அவள் பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய அதே நாளில், ஆறாவது மாதத்தில் சேர்ந்திருந்தான். பதினான்கு மாதமாக ஒரு நாள்கூட விடாமல் வந்திருந்தான்.

"உன் பையன்தான்மா," என்றார் சீனு. "மூணாவதுக்கு ஒரு பேரு யோசிச்சிட்டிருந்தேன். அன்னைக்குப் பாத்து நீ, பையனுக்குப் பேரு வச்சோம்னு கேக் கொண்டு வந்தே. டக்குனு எழுதிட்டேன். தப்பா நினைக்காதே."

அவள் பக்கங்களைப் புரட்டினாள். ஃபெலிக்ஸ் பருப்புச் சாதம் விரும்பி உண்டான். பகலில் இரண்டு மணி நேரம் தூங்கினான். சென்ற மாத எடை பன்னிரண்டு கிலோ. தாய் வந்த நேரம் என்ற பத்தியில் தினமும் பத்தரை, பன்னிரண்டரை, மூன்று, நாலே முக்கால். ஒவ்வொன்றுக்கும் எதிரே அவள் கையெழுத்து, அவளே போட்டது போல இருந்தது. குறிப்பு: 'தாயைக் கண்டதும் சிரிக்கிறான்.'

வேலைக்குத் திரும்பிய அந்த முதல் மாதங்களில் பத்தரை மணிக்கெல்லாம் மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும். கழிப்பறையில் நின்று பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து உட்காருவாள். பதிவேட்டின்படி அந்த நேரத்தில் அவள் ஒட்டகச்சிவிங்கிக் கதவுக்குப் பின்னால் ஃபெலிக்ஸை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அழுகை வந்தது. சீனு மேல் கோபப்படவும் முடியவில்லை. நூறு பெண்களுக்கு அவளே இதைச் செய்திருந்தாள், இவரைவிட நன்றாகவே.

"இப்ப என்ன சார் பண்றது?" என்று கேட்டாள்.

"என்ன பண்றது. சேத்தாச்சு இல்ல? கூட்டிட்டு வா," என்றார் சீனு.

திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் காவலாளி நிறுத்தினார். உள்ளே வருகிற எல்லோருக்கும் அடையாள அட்டை வேண்டும். ஃபெலிக்ஸுக்கு அட்டை தயாரானது. அதன் கயிற்றை அவன் உடனே வாயில் வைத்துக்கொண்டான். அட்டை வாங்கியவர்கள் எல்லோரும் முதல் நாளே நாற்பது நிமிட அறிமுக வீடியோ பார்த்து, பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லி எண்பது மதிப்பெண் எடுக்க வேண்டும். பணியிடத்தில் என் உரிமைகளும் கடமைகளும் என்பது தலைப்பு. அம்மா உதவி செய்தால் முறைகேடு என்பதால் ஆரோக்கியமேரியைக் கண்ணாடிக்கு வெளியே நிற்க வைத்தார்கள். ஃபெலிக்ஸ் முதல் முறை முப்பது எடுத்தான். இரண்டாம் முறை விசைப்பலகை மேல் ஏறி உட்கார்ந்து எண்பது எடுத்தான். பலருக்கு மூன்று முறை ஆகிறது என்று வர்ஷினி பாராட்டினாள்.

பிறகு கதவைத் திறந்தார்கள். உள்ளே கம்பெனிகளின் பழைய பதிவேடுகள் அடைத்த அட்டைப்பெட்டிகள் கூரை வரை இருந்தன. மூலையில் விருதுக் கோப்பைகளும், 'தாயே முதல்' என்று எழுதிய பதாகையும், பிளாஸ்டிக் உறை கிழிக்காத ஒரு மரக்குதிரையும் கிடந்தன. பதிவேட்டில் ஆயா என்று இருந்தது யாதம்மாவின் பெயர். டீ போடும் யாதம்மா. தான் இரண்டு வருடமாக ஆயாவாக இருக்கும் விஷயத்தை அவர் அன்றுதான் கேள்விப்பட்டார்.

"அய்யோ பாவம், நாக்கு தெலியதே பாபு," என்று தனக்குத் தெரியாமல் போனதற்கு ஃபெலிக்ஸிடமே மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னார். பெட்டிகளை ஒரு பக்கம் தள்ளி, தரையைத் துடைத்து, தன் பழைய சேலையை நான்காக மடித்து விரித்தார். அந்த அலுவலகத்தில் ஃபெலிக்ஸுக்காக விண்ணப்பம் கேட்காமல் நடந்த காரியம் அது ஒன்றுதான்.

அவன் பதினொன்றேகாலுக்கு அழுதான். ஆரோக்கியமேரி எழுந்தாள்.

"உங்க விசிட் பத்தரைக்குங்க மேரி," என்றாள் வர்ஷினி. "பதினாலு மாசமா கரெக்டா அந்த டைமுக்குத்தான் போயிருக்கீங்க. இப்பப் போயி மாத்துனா டீவியேஷன் ஆகிரும்."

பன்னிரண்டரை வரைக்கும் அவன் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் ஒரு கம்பெனியின் முதலுதவிப் பெட்டியில் பஞ்சு இருப்பதாக எழுதிக்கொண்டிருந்தாள். புதன்கிழமை ஃபெலிக்ஸ் பெயருக்கு ஒரு மெயில் வந்தது. தொடர்ந்து மூன்று நாள் ஒன்பது மணிக்குப் பிறகு முகம் பதிவு செய்திருப்பதாகவும், இது அவனுடைய வளர்ச்சியைப் பாதிக்கும் என்றும் இருந்தது. கடைசியில் பூப்படம்.

வியாழக்கிழமை தணிக்கை. தாய்மை நேயப் பணியிடம் என்று ஐந்து நட்சத்திரச் சான்றிதழ் கொடுக்கும் ஒரு மன்றம் ஆள் அனுப்பியிருந்தது. நிர்வாக இயக்குநர் சந்திரமோகன் தணிக்கையாளரை வாசலில் நின்று வரவேற்றார். அவர் போலாரத்தில் பெரிய தோட்டம் வைத்த பங்களாவில் இருப்பவர். பேச ஆரம்பித்தால் கேட்பவர்களின் பணி நேரத்தைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்.

"நம்ம கம்பெனில உரிமைங்கறது சுவர்ல மாட்டின போர்டு இல்ல சார்," என்று ஆரம்பித்தார். "போர்டும் மாட்டியிருக்கோம், அது வேற. ஒரு ஸ்டாஃப் வந்து உரிமை கேட்டாங்கன்னா, நான் என்ன சொல்வேன் தெரியுமா? நாங்க ஏற்கனவே குடுத்துட்டோமேம்மா, ரிஜிஸ்டரைப் பாருன்னு சொல்வேன். கேக்கறதுக்கு முன்னாடியே குடுத்துடறது, அதுதான் நியாயதீப். இருபது வருஷத்துல ஒரு கம்ப்ளெயின்ட் வந்தது கிடையாது. கம்ப்ளெயின்ட் பாக்ஸ் சாவி என்கிட்டதான் இருக்கு, எனக்குத் தெரியாதா."

தணிக்கையாளர் அப்துல் ரஹீம் இதைக் குறித்துக்கொண்டார். வாணியம்பாடிக்காரர், ஊரை விட்டு வந்து இருபது வருடம். ஓய்ந்து போன முகம். இப்படிப்பட்ட பேச்சுகளை மாதத்துக்குப் பத்துக் கேட்கிற முகம். பதிவேடுகளை எல்லாம் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, காப்பகத்தை ஒரு சடங்குக்கு எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது என்னா?"

"குழந்தை சார்," என்றாள் ஆரோக்கியமேரி.

"நிஜக் குழந்தையா?"

ஃபெலிக்ஸ் அவரைப் பார்த்துச் சிரித்தான். பதிவேட்டில் சொன்னது போலவே.

"பதினோரு வருசமா ஆடிட் பண்றேன்மா," என்றார் அப்துல் ரஹீம். "கிரெஷ்ல குழந்தையப் பாக்கறது இதான் மொதல் தடவை." கைப்பையைத் திறந்து, மன்றம் அவருக்கு வேலைக்குச் சேர்ந்த நாளில் கொடுத்த எடைக்கருவியை வெளியே எடுத்தார். அதன் உறை பிரிக்கப்படவே இல்லை. பல்லால் கடித்துப் பிரித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஃபெலிக்ஸைத் தூக்கி அதன் மேல் உட்கார வைத்தார். ஒன்பது கிலோ நானூறு என்று காட்டியது.

அவர் பதிவேட்டைத் திரும்பப் பார்த்தார். பன்னிரண்டு கிலோ. முகத்திலிருந்த சந்தோஷம் போய்விட்டது.

கூட்ட அறையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். அப்துல் ரஹீம் மெதுவாகச் சொன்னார். "ரெண்டே ரெண்டு வழிதான் சார். ரிஜிஸ்டர் தப்பு. இல்லேன்னா குழந்தை தப்பு. உங்க பாதுகாப்புல ஒரு குழந்தை ஒரே மாசத்துல ரெண்டு கிலோ அறுநூறு எறங்கியிருக்குன்னா அது பெரிய ஃபைண்டிங்."

"ரிஜிஸ்டர் எப்படி சார் தப்பாகும்?" என்றார் சந்திரமோகன். "சீனு எழுதினது. பதினஞ்சு வருஷ சர்வீஸ்."

சீனு மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தவறைச் சரிசெய்ய ஒரு வாரம் கொடுத்துவிட்டு அப்துல் ரஹீம் கிளம்பினார். லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது ஆரோக்கியமேரியிடம் வந்தார். "நீங்க பையனக் கூட்டிட்டு வராம இருந்திருந்தா இன்னைக்கே அஞ்சு ஸ்டாரும் குடுத்திருப்பேன்மா," என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கே வருத்தமாகத்தான் இருந்தது.

அன்று மதியமே திருத்த நடவடிக்கைக் குழு கூடியது. குறை: குழந்தையின் எடை பதிவேட்டோடு பொருந்தவில்லை. தீர்வு: குழந்தையின் எடையை இரண்டு கிலோ அறுநூறு கூட்டுவது. கெடு: ஏழு நாள். பொறுப்பு: ஆரோக்கியமேரி. பேன்ட்ரியிலிருந்து வேளைக்கு இரண்டு வாழைப்பழமும் ஒரு கரண்டி நெய்யும் வழங்க ஒப்புதல் ஆனது. தினமும் மாலை ஐந்து மணிக்கு எடை பார்த்து மெயில் அனுப்ப வேண்டும்.

ஃபெலிக்ஸ் வாழைப்பழத்தைத் துப்பினான். நெய்யை மரக்குதிரைக்குத் தடவினான். யாதம்மா டீ வேலையை விட்டுவிட்டுப் பின்னாலேயே கிண்ணத்தோடு அலைந்தார். அதனால் மூன்றாவது மாடி முழுவதற்கும் டீ தாமதமானது. அதற்குத் தனியாக ஒரு விசாரணை நடந்தது. செவ்வாய்க்கிழமை அவன் ஒன்பதரை கிலோ இருந்தான். இலக்கில் நான்கு சதவீதம் மட்டுமே எட்டியிருப்பது ஏன் என்று விளக்கம் கேட்டு ஆரோக்கியமேரிக்குக் கடிதம் வந்தது. அன்றிரவு வீட்டில் அவன் சாப்பிட மாட்டேன் என்று தலையைத் திருப்பிக்கொண்டபோது, அவன் வாயில் கரண்டியை அழுத்தித் திணித்தாள். அவன் மிரண்டுபோய் அவளைப் பார்த்தான். கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அவனைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் மேல் அவளுக்கு அப்படி ஒரு வெறுப்பு அதற்கு முன் வந்ததில்லை.

புதன்கிழமை சந்திரமோகன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வர்ஷினியும் இருந்தாள். மேஜை மேல் ஒரு தாள் இருந்தது.

"உக்காரும்மா," என்றார். "நாங்க ஒரு முடிவுக்கு வந்திருக்கோம். உனக்கு ஒரு கஷ்டமும் இல்லாத முடிவு."

தாளில் நான்கு வரி. சென்ற வியாழக்கிழமை காப்பகத்தில் காணப்பட்ட குழந்தை என் மகன் ஃபெலிக்ஸ் அல்ல என்றும், அது ஒரு பார்வையாளர் என்றும், பதிவேட்டில் உள்ள ஃபெலிக்ஸ் அன்று பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான் என்றும் இதன் மூலம் உறுதி கூறுகிறேன்.

ஆரோக்கியமேரி இரண்டு முறை படித்தாள். "இவன் ஃபெலிக்ஸ்தான் சார்," என்றாள்.

"யாரும்மா இல்லேன்னா? பேப்பர்ல மட்டும்தான் இல்லேன்னு சொல்றோம். வீட்ல அவன் ஃபெலிக்ஸாவே இருக்கட்டும். ஆபீஸ்ல ரெண்டு ஃபெலிக்ஸ் இருக்க முடியாதில்ல?"

"அப்ப என் பையனை எங்க சார் விடறது?"

"அந்தப் பையனுக்குத்தான் கிரெஷ்ல இடம் இருக்கேம்மா. பதினாலு மாசமா குடுத்திருக்கோம். உன் உரிமையை நாங்க ஒரு நாளும் மறுத்ததில்ல." தான் சொல்வதை அவர் நம்பினார். "சட்டம் என்ன சொல்லுது? கிரெஷ் இருக்கணும். இருக்கு. குழந்தை இருக்கணும். இருக்கு. நாலு தடவை அம்மா போகணும். நீ போயிருக்கே. எவ்ளோ அழகா இருந்துச்சு எல்லாம். நீ போய் ஒரு குழந்தையைக் கூட்டிட்டு வந்து அதைக் கெடுத்துட்டியேம்மா."

வர்ஷினி பேனாவை நகர்த்தி வைத்தாள். "ஒரு சைன்தானுங்க மேரி. நீங்க போடாத சைனா."

அது உண்மைதான். நான்கு வருடத்தில் அவள் எத்தனை ஆயிரம் கையெழுத்துப் போட்டிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. கம்பெனி கம்பெனியாக எத்தனையோ தாய்மார்களுக்காக நாளுக்கு நான்கு முறை போட்டிருக்கிறாள். பேனாவை எடுத்தாள். தாளின் மேல் வைத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாதம்மாவின் இடுப்பில் இருந்த ஃபெலிக்ஸ் அவளைப் பார்த்துவிட்டு, அட்டைக் கயிற்றை வாயிலிருந்து எடுத்துச் சிரித்தான்.

பேனாவைக் கீழே வைத்தாள்.

"நீங்க சொன்னதெல்லாம் எழுதியிருக்கேன் சார். இது நக்கோ, வேணாம் சார். கை வரமாட்டேங்குது."

சந்திரமோகன் வருத்தத்தோடு தலையாட்டினார். கட்டாயப்படுத்தக் கூடாது என்பதும் அவர்கள் கொள்கைதான். கையெழுத்து இல்லாவிட்டாலும் நாளை முதல் அந்தக் குழந்தை பார்வையாளர் என்றும், பார்வையாளர் ஒரு நாளைக்கு முப்பது நிமிடம்தான் இருக்கலாம் என்றும் வர்ஷினி விதியைப் படித்துக் காட்டினாள்.

ராஜினாமாவைக் கம்ப்யூட்டரில்தான் செய்ய வேண்டியிருந்தது. காரணம் என்ற இடத்தில் பட்டியல் விரிந்தது. திருமணம், மேற்படிப்பு, வேறு நல்ல வாய்ப்பு, உடல்நிலை, சொந்தக் காரணம். ஆரோக்கியமேரி மேலும் கீழும் இரண்டு முறை தேடினாள்.

"குழந்தையப் பாத்துக்க ஆளில்லன்னு எங்க மேடம் இருக்கு?"

"அது வராதுங்க மேரி," என்றாள் வர்ஷினி. உண்மையாகவே அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. "நம்ம கிட்டதான் கிரெஷ் இருக்குதே. சொந்தக் காரணம்னு போட்டுக்குங்க."

போட்டாள். கிளம்பும்போது அவளுக்கு 'என் உரிமை, என் பெருமை' என்று அச்சிட்ட ஒரு காப்பிக் கோப்பை கொடுத்தார்கள். ஃபெலிக்ஸின் அடையாள அட்டையை எண்ணி வாங்கிக்கொண்டார்கள். யாதம்மா தன் சேலையை மடித்து அவள் பையில் வைத்துவிட்டார்.

மாதக் கடைசி. மல்காஜ்கிரி வீட்டில் மதியம் மூன்று மணி. ஃபெலிக்ஸுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. சீனு.

"எப்படிம்மா இருக்கே? இங்க அஞ்சு ஸ்டார் வந்திடுச்சு. அன்னைக்கு வந்தது விசிட்டர் குழந்தைன்னு நம்ம ஆபீஸ்லயே எழுதிக் குடுத்துட்டாங்க." பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. "ரிஜிஸ்டர் எழுத உக்காந்திருக்கேன். ஃபெலிக்ஸுக்கு இந்த மாசம் எவ்ளோ போடட்டும்? நீ சொன்னா கரெக்டா இருக்கும்."

"அவன் இன்னும் அங்க இருக்கானா சார்?"

"ஹவ்மா. மூணு பேருக்குக் கீழ போனா ஸ்டார் போயிடும். உன் பேரும் இருக்கு. லேடீஸ் கணக்குக் கொறையக் கூடாதுன்னு மார்ச் வரைக்கும் எடுக்க வேணாம்னு சொல்லிட்டாங்க."

ஆக அவள் இன்னும் பேகம்பேட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் குழந்தையோடு போய், நாலு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு, மாலையில் அவனைக் கூட்டிக்கொண்டு வீடு திரும்பினாள். அந்த ஆரோக்கியமேரி மேல் இவளுக்குப் பொறாமையாக இருந்தது.

"ஒம்பது முந்நூறு போடுங்க சார்," என்றாள். "காய்ச்சல்ல கொஞ்சம் எறங்கிட்டான்."

"அது எப்படிம்மா? போன மாசம் பன்னெண்டு."

தோளில் ஃபெலிக்ஸ் முனகினான். அவள் அவன் முதுகைத் தடவினாள். அவளுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. யாரோடு போடுவது என்றும் தெரியவில்லை.

"சரி, பன்னெண்டரை போடுங்க. நல்லா சாப்பிடறான்னு எழுதுங்க. காய்ச்சல் எதுவும் எழுத வேணாம்."

"சரிம்மா."

"சார்."

"சொல்லும்மா."

"அந்த நாலு தடவையையும் மறக்காம எழுதுங்க சார். ஒண்ணையும் விட்டுடாதீங்க. அம்மா வருவாளா வருவாளான்னு கதவையே பாத்துட்டிருப்பான்."

எழுதுகிறேன் என்றார் சீனு.